டாங்கிக்கு அரை இஞ்ச் தையல்

நவம்பர் 3, ஞாயிறு

என் வீட்டுக் கூடத்தில் ஒரு டாங்கி நிற்கிறது. தண்ணீர் பிடிக்கிற டாங்கி இல்லை, சண்டைக்குப் போகிற டாங்கி. நிஜத்தில் ஆறில் ஒரு பங்கு அளவு. பீரங்கிக் குழாயையும் சேர்த்துச் செங்குத்தாக நிறுத்தி வைத்தால் என்னைவிட ஒரு விரற்கடை உயரம். எடை மட்டும் என்னைவிடக் குறைவு என்று அவர் சொல்வார். சொல்வார் என்றா எழுதினேன்? சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் என்றால் ஏகாம்பரம், என் வீட்டுக்காரர். பட்டாளத்தில் டாங்கி ஓட்டி, தஃபேதாராக, அதாவது டாங்கிப் படையின் ஹவில்தாராக, திரும்பி வந்தவர். தஃபேதார் என்றால் கலெக்டர் ஆபீசில் சிவப்புப் பட்டை மாட்டிக்கொண்டு கதவு திறந்துவிடுகிறவர் என்றுதான் எங்கள் சத்துவாச்சாரித் தெரு நம்புகிறது. நான் திருத்துவதில்லை. கலெக்டர் ஆபீஸ் வீடு என்றால் காய்க்காரம்மா நல்ல தக்காளியாகப் பொறுக்கித் தருகிறாள்.

ஊருக்குத் திரும்பியதிலிருந்து இவருக்கு ஒரே பைத்தியம், ரிமோட்டில் ஓடுகிற டாங்கி செய்வது. வருஷா வருஷம் ஜனவரி 26 அன்று பழைய ரெஜிமெண்ட்காரர்கள் பாலாற்றங்கரை மாந்தோப்பில் கூடுவார்கள். கொடியேற்றி, பொங்கல் வடை தின்று, ஆற்று மணலில் இவர் ஓட்டும் டாங்கியைப் பார்த்துவிட்டுப் போவார்கள். இதுவரை செய்தது எல்லாம் சின்னது, பூனைக்குட்டி சைஸ். இந்த வருஷம்தான் இவரே ஓட்டிய டி-55 வண்டியை இத்தனை பெரிதாக ஆரம்பித்தார். ஆவணி மாதத்தோடு வேலை நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டால், நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

இந்த மனுஷர் இப்போது உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். டாங்கி கூடத்தில் என்னைப் பார்த்து நிற்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும். இரும்பு மூட்டையை யார் தூக்குவது? எனவே முடிவு செய்துவிட்டேன். இது பொங்கலுக்குள் தன் காலாலேயே ஓடி வாசலுக்குப் போயாக வேண்டும். அதற்கு யாராவது முடித்தாக வேண்டும். இந்த வீட்டில் சும்மா இருக்கிறவள் நான்தான். தீபாவளி ஜாக்கெட் எல்லாம் தைத்துக் கொடுத்தாயிற்று.

வெள்ளையடிக்கத்தான். வேறு காரணம் எதுவும் இல்லை.

நவம்பர் 6, புதன்

காலையில் காபி. அவருக்கு அரை டம்ளர்தான் கொடுக்கிறேன், பால் விற்கிற விலை அப்படி.

மதியம் என் தையல் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து டிரில்லிங் மெஷினைக் கையில் எடுத்தேன். டாங்கிக்குச் சக்கரம் தரையில் படாது. சக்கரங்களைச் சுற்றி ஒரு இரும்புச் செயின் ஓடும், அதன்மேல்தான் வண்டி போகும். செயின் என்றால் கழுத்துச் செயின் போல இல்லை. உள்ளங்கை அகலத்தில் பட்டை பட்டையாக இரும்புத் துண்டு, ஒவ்வொன்றையும் அடுத்ததோடு ஊசி செருகிக் கோக்க வேண்டும். இடது பக்கச் செயினை அவர் முடித்திருந்தார். ஒவ்வொரு துண்டும் அச்சில் வார்த்தது மாதிரி. வலது பக்கம் முழங்கை நீளத்தில் நிற்கிறது. அதிலும் கடைசித் துண்டுகளில் துளை கோணல்மாணலாகப் போயிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு துப்பட்டாவைத் தலையில் கட்டிக்கொண்டு துளை போட ஆரம்பித்தேன்.

காஜா எடுக்கிற கைக்கு இரும்பில் துளை போடுவது பெரிய கம்பசூத்திரம் இல்லை என்று நினைத்தேன். முதல் துண்டு எகிறிப் போய் முருகர் படத்துக் கண்ணாடியில் பட்டது.

உள்ளேயிருந்து குரல். "இன்னா சத்தம்?"

"பூனை."

"பூனை மெஷின் ஓட்டுதா?"

"நம்ம ஊட்டுப் பூனை ஓட்டும்."

இந்த ஒரு மாதத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் இதுதான்.

நவம்பர் 12, செவ்வாய்

பக்கத்துத் தெரு சுலோச்சனா அளவு கொடுக்க வந்தாள். இந்தப் பகுதியின் செய்தி நிலையம் அவள். உபநிலையம் நான். பாத்திரக்கடைக்காரர் இரண்டாவது பெண் ஓசூர் போய்விட்டது, மேட்டு வீட்டில் ஏ.சி. மாட்டியிருக்கிறார்கள் ஆனால் போடுவதில்லை என்று வரிசையாக வாசித்துவிட்டு, கையைத் தூக்கி அளவெடுக்கச் சொல்லி நின்றபடி, குரலைத் தாழ்த்தினாள்.

"மங்கைக்கா, தப்பா நெனச்சிக்காதே. அண்ணனுக்குப் பழக்கம் ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சாமே?"

"எந்தப் பழக்கம்?"

"அதான் பட்டாளத்துல கொடுப்பாங்களே. ஆவணியில உங்க சொந்தக்காரங்க நிச்சயதார்த்தத்துல கை அந்த ஆட்டம் ஆடிச்சாமே. சம்பந்தி வேட்டி பூரா காபியாம்."

நான் டேப்பை அவள் இடுப்பில் ஒரு சுற்று இறுக்கிப் பிடித்தேன்.

"ஆமா சுலோ. காலையில நாலு பாட்டிலு, சாயந்தரம் நாலு பாட்டிலு. குளிக்கறதே அதுலதான்."

அவள் சிரித்தாள், ஆனால் பாதி நம்பியும் விட்டாள். நான் எதையும் முகத்தில் காட்டவில்லை. அவள் ஜாக்கெட்டை மட்டும் சுற்றளவில் அரை இஞ்ச் குறைத்து வெட்டினேன். பொங்கலன்று வடை தின்னும்போது என் ஞாபகம் வரும்.

அவர் குடிப்பதில்லை. பட்டாளத்தில் கிடைத்ததைக்கூடக் கூட இருந்த ஞானப்பிரகாசம் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குப் பால் பவுடர் வாங்கிக்கொண்டு வருவார்.

நவம்பர் 20, புதன்

வலது செயின் முடிந்தது. என் துண்டுகளை அவருடையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எஸ்.எஸ்.எல்.சி. முதல் மாணவியும் மூன்றாவது அட்டெம்ப்ட்டும் மாதிரி இருக்கிறது. போகட்டும், ஓடினால் சரி.

இன்றைய வேலை மேல்மூடி. வண்டியின் முதுகை மூடுகிற அலுமினியத் தகடு. நான் முதலில் பேப்பரில் பேட்டர்ன் வெட்டினேன். சுற்றளவு, முன்பக்கக் கழுத்து, பீரங்கிக் கூண்டு உட்கார வட்டம், அப்படியே ஒரு பெரிய ஜாக்கெட் முதுகுதான். தகட்டின் மேல் பேப்பரை வைத்து, சாக்பீஸில் கோடு போட்டு, தகரக் கத்தரியால் வெட்டினேன். கை காப்புக் காய்த்துவிட்டது. தூக்கி வைத்துப் பார்த்தால் உட்காரவில்லை. நான்கு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. திருப்பி வைத்தேன், உட்காரவில்லை. மேலே ஏறி நானே உட்கார்ந்தேன், அப்போதும் உட்காரவில்லை.

தலைநிமிர்ந்தால் நிலைப்படியில் அவர். லுங்கியைப் பிடித்துக்கொண்டு, வாரம் ஆன தாடியோடு.

"இன்னாத்துக்கு சுத்தி அரை இஞ்ச் கூட வெட்டி வச்சிருக்கே?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. முப்பது வருஷத்துப் பழக்கம், கை தானாக விட்டுவிட்டது.

"தையலுக்கு" என்றேன்.

"தகட்டுக்கு?"

கத்தரியைக் கீழே வைத்தேன்.

"டாங்கிக்குத் தையல் உட்டிருக்கியாடி?"

சிரித்தார் பாருங்கள், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. நான் கோபமாக இருப்பது போலத் தகட்டைத் தூக்கிக் கடாசினேன். அது பாத்திர அலமாரியில் மோதிய சத்தத்துக்கு இன்னும் ஒரு ரவுண்டு சிரித்தார். பிறகு கிட்டே வந்து, தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"தூக்கிப் போடாதே. அந்த அரை இஞ்சைக் கீழ் பக்கமா மடிச்சு ரிவெட் அடி. டப்பா மூடி மாதிரி கவுந்துக்கும். மணல் உள்ள போவாது."

மடித்து அடித்தால் போதும் என்பது தையல்காரிக்குத் தெரியாமல் போயிற்றே. அதுதான் இன்றைய அவமானம்.

நவம்பர் 21, வியாழன்

அவராக எழுந்து ஷேவ் செய்துகொண்டார். கன்னத்தில் இரண்டு இடத்தில் வெட்டு. நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றுதான் அவரிடம் சொல்வேன்.

டிசம்பர் 5, வியாழன்

மழை. ஜாக்கெட் காயவில்லை, பெயிண்ட்டும் காயவில்லை. டாங்கியும் சுலோச்சனாவின் ஜாக்கெட்டும் ஒரே பச்சை. பெயிண்ட் கடையில் அவள் துணி பிட்டைக் காட்டித்தான் கலர் கலக்கச் சொன்னேன். அவளிடம் இதைச் சொல்லத் தேவையில்லை.

மோட்டார் மாட்டியாயிற்று. லாரிக் கண்ணாடி துடைக்கிற வைப்பர் மோட்டார் இரண்டு, ஸ்கூட்டர் பேட்டரி இரண்டு. ஒயர் எல்லாம் சலீம் பாய் வந்து இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். தெருமுனையில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர். இவருக்கு ரிமோட் வேலை எப்போதும் அவர்தான் பார்ப்பார்.

செயினை நான் மாட்டினேன். நன்றாக இழுத்து, விறைப்பாக, ஒரு சுருக்கம் இல்லாமல். ஸ்விட்சைப் போட்டதும் வண்டி 'ம்ம்ம்' என்று முக்கியது. நகரவில்லை. பிரசவ வார்டு சத்தம்.

உள்ளறையிலிருந்து, "நிறுத்து! மோட்டாரு வெந்துடப் போவுது!"

வந்துவிட்டார். குனிந்து பார்த்தார்.

"இப்படி இழுத்துக் கட்டினா எப்படிடி ஓடும்? இது சுலோச்சனா ஜாக்கெட்டா? இந்த வண்டிக்கு மேல் செயினு தொளதொளன்னு சக்கரத்து மேல படுத்துக்கணும். மூச்சு உடணும் அதுக்கு."

"ரொம்ப லூசா உட்டா?"

"கழண்டுக்கும். திரும்பறப்போ கழண்டுக்கும்."

"அப்போ எவ்ளோதான் உடணும்?"

கையை நீட்டி இரண்டு விரலால் காட்ட வந்தார். விரல் ஆடியது. கையை இழுத்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

"கட்டைவிரல் நுழையற அளவு" என்று வாயால் சொன்னார்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். வாசல் முழுக்க அகல் வைத்தேன். வைத்துவிட்டு உள்ளே வந்து ஸ்விட்சைப் போட்டேன். டாங்கி ஓடியது! கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, கடகடவென்று, மிக்சி, கிரைண்டர், என் தையல் மெஷின் மூன்றும் ஒன்றாகக் கிளம்பின மாதிரி சத்தம். எனக்குத் திருப்பத் தெரியாததால் சுவரில் முட்டி நின்றது.

ரிமோட்டை அவரிடம் நீட்டினேன். நீட்டியிருக்கக் கூடாதோ? நீட்டாமல் எப்படி இருப்பது?

வாங்கிக்கொண்டார். ரிமோட்டில் கட்டைவிரலால் தள்ளுகிற குச்சி இரண்டு இருக்கும், புளியங்கொட்டை சைஸ். கட்டைவிரலை வைத்தார். டாங்கி இடது பக்கம் ஒரு வெட்டு, வலது பக்கம் ஒரு வெட்டு, நல்ல பாம்பு மாதிரி நெளிந்து போய் பீரோ காலில் மோதியது. பின்னால் எடுத்தார். மறுபடி நெளிந்தது. கை ஆடுவதை அவரே பார்க்கிறார், நானும் பார்க்கிறேன், டாங்கி அதை இத்தனை பெரிதாக ஆடிக் காட்டுகிறது.

ரிமோட்டைத் தையல் மெஷின் மேல் மெதுவாக வைத்தார்.

"முனிரத்தினத்துக்கு போன் போட்டு இந்த வருஷம் வரலைன்னு சொல்லிடு."

முனிரத்தினம் அண்ணன் இவர் வண்டிக்கு கமாண்டராக இருந்தவர், காட்பாடிக்காரர். கூட்டம் நடத்துவது அவர்தான்.

"நீங்களே சொல்லுங்க" என்றேன்.

போய்ப் படுத்துவிட்டார். அகல் எல்லாம் காற்றில் அணைந்துவிட்டது. திரும்ப ஏற்றினேன்.

டிசம்பர் 14, சனி

அவர் போன் போடவில்லை, நானும் போடமாட்டேன்.

டிசம்பர் 18, புதன்

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். உயிருக்கு ஒன்றும் இல்லையாம். நரம்பு விஷயமாம். மாத்திரையில் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது என்றார் டாக்டர். அதற்கு ஒரு பெயர் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நாற்காலி இழுத்துப் போட்டு வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

வருகிற வழியில் பஸ்ஸில் இவர், "குடிகாரன்னு சொல்றாங்க இல்ல?" என்றார்.

"யார் சொன்னது?"

"நீ சுலோச்சனாகிட்ட நாலு பாட்டில்னு சொன்னது உள்ள கேட்டுது."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் வாய்க்கு என்றைக்காவது ஒரு பூட்டு தைக்க வேண்டும்.

"எட்டு பாட்டில்" என்றார் அவர். "சாயந்தரம் நாலையும் சேத்துக்கோ."

டிசம்பர் 22, ஞாயிறு

இதை எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறந்துபோகும்.

என் கடை வீட்டின் முன்னறைதான். இருட்டியதும் ஷட்டரை இவர்தான் இழுத்து மூடுவார். படுத்தே கிடந்த நாட்களிலும் அதை மட்டும் விட்டதில்லை. என் உயரத்துக்குக் கொக்கி எட்டாது, துருப்பிடித்த ஷட்டர் வேறு. இன்றும் வந்து இழுத்தார். நான் உள்ளே ஊசி தேடிக்கொண்டிருந்தவள் தற்செயலாகப் பார்த்தேன்.

கை ஆடவில்லை.

டம்ளரைத் தூக்கினால் ஆடுகிற கை, புளியங்கொட்டையைத் தள்ளினால் ஆடுகிற கை, பாரமான ஷட்டரை இழுக்கும்போது சும்மா இருந்தது. மூடி முடித்து விட்டதும் ஆடியது. "சரியா மூடலைங்க, இன்னொருவாட்டி" என்றேன். தூக்கி இழுத்தார். ஆடவில்லை. "இன்னொருவாட்டி."

"இன்னாடி, ஷட்டருக்கு டிரில் எடுக்கறியா?"

பட்டுத்துணி வழுக்கினால் நான் என்ன செய்வேன்? மேலே இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைப்பேன். பாரம் வைத்தால் நிற்கும். இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை? நிஜ டாங்கியில் ஸ்டீயரிங் கிடையாது, இரண்டு பக்கமும் இரண்டு பெரிய லீவர், இழுத்து இழுத்துத் தோள்பட்டை இறங்கிவிடும் என்று கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷர் சொன்ன கதையை நான் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டிருக்கிறேன். இனிமேல் கொட்டாவி விடமாட்டேன். குறைத்துக்கொள்வேன்.

டிசம்பர் 30, திங்கள்

சலீம் பாயிடம் ரிமோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். என்னை அண்ணி முறை வைத்து பாபி என்று கூப்பிடுகிறவர், குச்சியைத் திருகித் திருகிப் பார்த்தார்.

"பாபி, இது பல்லு குத்தற குச்சி. நீங்க இதுல கடப்பாரை மாட்டச் சொல்றீங்க."

"ஆமா பாய். மாட்ட முடியுமா?"

"மாட்டலாம். உடைஞ்சா என்னைத் திட்டக்கூடாது."

"உடையாட்டியும் திட்டுவேன். எப்ப தருவீங்க?"

முழங்கை நீளத்துக்கு இரண்டு இரும்புக் குழாய். அடியில் பழைய மொபெட் ஸ்டாண்டிலிருந்து எடுத்த ஸ்பிரிங். எல்லாம் ஒரு பலகையில். இரண்டையும் முன்னால் தள்ளினால் வண்டி போகும். ஒன்றை இழுத்தால் அந்தப் பக்கச் செயின் நிற்கும், வண்டி திரும்பும். பிடியில் சுற்ற ஆம்பூரிலிருந்து தோல் துண்டு வரவழைத்தேன். அந்தத் தையல் மட்டும் என்னுடையது. யாரும் குறை சொல்ல முடியாது.

ஜனவரி 8, புதன்

பலகையை அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார். முகம் இறுகிவிட்டது.

"கைவிளங்காதவனுக்கு ஊன்றுகோலா?"

"ஆமா, ஊன்றுகோல்தான். ரஷ்யாக்காரன் ஒவ்வொரு டாங்கியிலயும் ரெண்டு ஊன்றுகோல் வச்சு அனுப்பினான். அதைப் புடிச்சிக்கினுதான் நீங்க பாலைவனத்தையே சுத்தி வந்தீங்க. அப்போ இனிச்சுது, இப்போ கசக்குதா?"

"உனக்கு இன்னா தெரியும்!"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு வெள்ளையடிக்கணும். இதை ஓட்டி வெளிய உடுங்க, அப்புறம் படுத்துக்குங்க. நான் கூப்பிடமாட்டேன்."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன், சத்தம் கேட்கட்டும் என்று. ஒரு பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தேன். அதன் ஈயம் போய்விட்டது.

பிறகு கூடத்தில் 'கடகட' வந்தது. எட்டிப் பார்த்தேன். பிரம்பு மோடாவில் உட்கார்ந்து, பலகையை முழங்காலுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் லீவரைப் பிடித்திருந்தார். டாங்கி நேராகப் போனது. கோடு கிழித்த மாதிரி. பீரோவுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. நின்ற இடத்திலேயே திரும்பியது. பீரங்கிக் குழாய் சுற்றி வந்து என் முழங்காலுக்கு நேராக நின்றது. அந்தக் குழாய் எங்கள் கல்யாணத்தின்போது வாங்கிய திரைச்சீலைக் கம்பி.

"இடது பக்கம் ஸ்பிரிங் பத்தல" என்றார். "இன்னும் கெட்டியா வேணும். பாய்கிட்ட சொல்லு."

"கைவிளங்காதவங்களுக்கு எதுக்கு கெட்டி?"

"சொன்னதைச் செய்டி."

நான் மறுபடி சமையலறைக்குப் போனேன். வெங்காயம் நறுக்க.

ஜனவரி 13, திங்கள்

போகி. டாங்கி தன் காலாலேயே கூடத்திலிருந்து வாசற்படி இறங்கித் தெருவுக்குப் போனது. கோலம் ஒரு ஓரம் போச்சு. வெள்ளையடிக்கிற ஆள் வாளியோடு ஒதுங்கி நின்று வழிவிட்டார்.

சுலோச்சனா வந்தாள், பச்சை ஜாக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு. "மங்கைக்கா, மூச்சு முட்டுது. கொக்கியே போட முடியல." பேசிக்கொண்டே தெருவைப் பார்த்தாள். மோடாவில் உட்கார்ந்து லீவரைப் பிடித்திருந்தவரைப் பார்த்தாள். டாங்கி அவளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, முன்னால் நின்று, சல்யூட் மாதிரி குழாயை ஒரு ஆட்டு ஆட்டியது.

"அண்ணே, கை ஆடவே இல்லியே!"

"லீவரை உட்டா ஆடும்மா" என்றார் அவர். அவராகவே, தெருவில், அவளிடமே. "நரம்பு வியாதி. எட்டு பாட்டில் கணக்கு உங்க அக்கா போட்டது."

சுலோச்சனா என்னைப் பார்த்தாள். நான் ஜாக்கெட்டை வாங்கி உள்ளே விட்டிருந்த தையலைப் பிரித்தேன். அரை இஞ்ச் எப்போதும் விட்டுத்தான் வைப்பேன். அவள் எதிரிலேயே தளர்த்திக் கொடுத்தேன்.

ஜனவரி 25, சனி

எல்லாம் தயார். பேட்டரி சார்ஜ் ஏறியாயிற்று. குட்டியானை வண்டிக்குச் சொல்லியாயிற்று. இப்போது வந்து, வரவில்லை என்கிறார்.

"வண்டியை நீ எட்த்துக்கினு போ. முனிரத்தினம் ஓட்டட்டும்."

"ஏன்?"

நான் விடவில்லை. தையல் மெஷினில் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், திரும்பத் திரும்பக் கேட்டேன். முகத்தைப் பார்த்தால் இவருக்குப் பேச வராது.

"லீவர் பிடிக்கறப்போ சரி" என்றார் கடைசியில். "கொடியேத்தினதும் எல்லாருக்கும் காபி கொடுப்பாங்க. நின்னுக்கினே குடிக்கணும். முனிரத்தினம் இருப்பான், எல்லாரும் இருப்பாங்க."

அப்படியா. ஒரு டம்ளர் காபிதானா இத்தனை மாதமாக இந்த வீட்டில் படுத்துக் கிடந்தது.

எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. தைரியம் சொல்லலாம், திட்டலாம், அழலாம். மூன்றிலும் எனக்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் நான் சொன்னது இது. "காபி வேணாம்னு சொல்லுங்க. வயிறு சரியில்லன்னு சொல்லுங்க. ஆனா வரணும். என் செயின் ஆத்து மணல்ல எப்படி ஓடுதுன்னு நீங்க பக்கத்துல இருந்து பாக்காட்டி, நான் வேற யாரையும் அந்த லீவரைத் தொட உடமாட்டேன். கொண்டுபோய் ஆத்துலயே நிறுத்திட்டு வந்துடுவேன்."

"உன் செயினா?"

"வலது பக்கம் யாருது?"

ஜனவரி 26, ஞாயிறு

வந்தார். வெள்ளைச் சட்டை, ரெஜிமெண்ட் தொப்பி, கை இரண்டும் பேண்ட் பாக்கெட்டில். கொடிக்கு சல்யூட் அடிக்க மட்டும் ஒரு கையை எடுத்தார். நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டார். காபி வந்தபோது, "வயிறு சரியில்ல" என்றார். முனிரத்தினம் அண்ணன் ஒரு பார்வை பார்த்தார். ஞானப்பிரகாசம் அண்ணன், இந்த வண்டியின் கன்னராக, அதாவது பீரங்கி சுடுகிறவராக இருந்தவர், "தஃபேதார் சாப் இப்போ பெரிய ஆளு. நம்ம காபி எல்லாம் எறங்காது" என்று சிரித்தார். அவர் சும்மாதான் சொன்னார். எனக்குத்தான் அவர் தொப்பியைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது.

டாங்கியை மணலில் இறக்கியதும் கூட்டம் சுற்றி நின்றுகொண்டது. இவர் மோடாவில் உட்கார்ந்து பலகையை முழங்காலுக்கு நடுவே வைத்தார். லீவரைத் தள்ளினார்.

என்ன சொல்ல! பாலாற்று மணலில் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. மேட்டில் ஏறியது, உச்சியில் ஒரு நொடி மூக்கைத் தூக்கி நின்றது, பொத்தென்று இறங்கியது. மடித்து அடித்த மூடிக்குள் ஒரு பொட்டு மணல் போயிருக்காது. முனிரத்தினம் அண்ணன் தன்னையறியாமல், "டிரைவர், லெஃப்ட்! ஹால்ட்! சலோ!" என்று கத்த ஆரம்பித்துவிட்டார். இவர் லெஃப்ட் திருப்பினார், நிறுத்தினார், கிளப்பினார். வயசான ஆம்பிளைகள் எல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் பின்னாலேயே ஓடினார்கள்.

பிறகு, தளர் மணலில் நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்று சுற்றினார். வலது செயின் கழன்றது. என் செயின். சக்கரத்தை விட்டு வழிந்து, செத்த பாம்பு மாதிரி மணலில் கிடந்தது.

இவர் லீவரை விட்டுவிட்டு எழுந்தார். பாரம் போனதும் கை இரண்டும் ஆட ஆரம்பித்தன. பாக்கெட்டில் போட மறந்துவிட்டார். எல்லாரும் பார்த்தார்கள். ஞானப்பிரகாசம் அண்ணன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. எனக்கு ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. முந்தானையைத்தான் பிடித்துக்கொண்டேன்.

முனிரத்தினம் அண்ணன் கையைப் பார்த்தார், செயினைப் பார்த்தார்.

"க்ரூ! எறங்கு!"

டாங்கியில் செயின் கழன்றால் டிரைவர் மட்டும் இறங்குவதில்லையாம். கமாண்டர், கன்னர், குண்டு போடுகிற லோடர், டிரைவர், நான்கு பேரும் இறங்கித்தான் மாட்ட வேண்டுமாம். அதில் பெரியவர் சின்னவர் கிடையாதாம். முனிரத்தினம் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி மணலில் மண்டியிட்டார். ஞானப்பிரகாசம் அண்ணன் சுத்தியலோடு மண்டியிட்டார். இவர் மண்டியிட்டார்.

"லோடர் எங்கப்பா?"

"மாதேஷ் இந்த வருஷம் வரலியே, சாப். துபாய்ல இருக்கான்" என்றார் ஞானப்பிரகாசம் அண்ணன்.

முனிரத்தினம் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். "மங்கை, இன்னா நின்னுக்கினு பாக்கறே? எறங்கு!"

பட்டுப்புடவையோடு மண்டியிட்டேன். நானும் அண்ணனும் செயினின் இரண்டு முனையையும் இழுத்துச் சேர்த்துப் பிடித்தோம். ஊசியைத் துளையில் வைத்துப் பிடிக்க வேண்டியது டிரைவர் வேலையாம். இவர் பிடித்தார். ஊசி ஆடியது. இரண்டு கையால் பிடித்தார். அப்போதும் ஆடியது.

"ஞானம், வோணாம்டா. கை ஆடுது. நீயே புடிச்சிக்கோ."

ஞானப்பிரகாசம் அண்ணன் சுத்தியலை ஓங்கினார்.

"நீ ஆட்டு. ஓடற டாங்கியில இருந்து ஓடற டாங்கியைச் சுட்டவன்டா நான். இந்த ஊசி எங்க போயிடும்?"

ஓங்கியபடியே ஒரு நொடி பார்த்தார். அடித்தார். ஊசி உள்ளே போய்விட்டது. இவர் விரல் பத்தும் பத்திரமாக இருந்தன. நான் எண்ணினேன்.

வண்டி மறுபடி ஓடி, ஆற்றின் அக்கரை வரை போய்த் திரும்பி வந்தது. அதன் பிறகு பேசியதும் சிரித்ததும் எழுதினால் இந்த டைரி போதாது. "தங்கச்சி, அந்தச் செயின் நீ கோத்ததா? பாத்தாலே தெரியுது" என்று ஆளாளுக்குக் கிண்டல். நான் சும்மா இருப்பேனா? அவரவர் சட்டையில் தையல் எங்கே கோணல் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டு வந்தேன்.

கிளம்புகிற நேரத்துக்கு இரண்டாவது ரவுண்டு காபி வந்தது. நான்தான் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இவர் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து நீட்டினார். பழக்கதோஷத்தில் அரை டம்ளர் ஊற்றி நிறுத்தினேன்.

"முழுசா ஊத்து" என்றார்.

ஊற்றினேன். பாதி முனிரத்தினம் அண்ணன் வேட்டியில். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மாதேஷுக்கு யார் போன் போடுவது என்று பேசிக்கொண்டே இருந்தார். மீதியை இவர் நின்றுகொண்டே குடித்து முடித்தார்.

நாளையிலிருந்து பால் ஒரு பாக்கெட் கூடுதலாகச் சொல்ல வேண்டும்.